நகம் சிவந்தால் எலும்பு ஒட்டும்

ஊவா தோட்டங்களில் எலும்பு கட்டும் தொழிலின் கதையை 1869இல், மடுல்சீமையில் தொடங்க வேண்டும். இலங்கையின் கோப்பியைத் தின்று தீர்த்த இலைத்துரு நோய் முதன்முதலில் கண்ணில் பட்டது அந்த மலையில்தான். கோப்பிக் காலத்தில் நம் ஆட்களில் பெரும்பாலோர் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, வேலை முடிந்ததும் மன்னார் வழியாக நடந்தே ஊர் திரும்பினார்கள். வழியில் கால் ஒடிந்தவன் வழியிலேயே கிடந்தான். கோப்பி செத்து, 1880களில் தேயிலை மலையேறியதும் நிலைமை மாறியது. தேயிலைக்கு வருடம் முழுக்க ஆள் வேண்டும். குடும்பம் குடும்பமாக லயங்களில் குடிவைத்தார்கள். குடும்பங்களோடு மருத்துவச்சியும் நாவிதரும் பூசாரியும் வந்தார்கள். திருச்சி, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் மனுசனுக்கும் எலும்பு கட்டிப் பழகிய கைகளும் வந்தன.

நான் பதுளையில் நெடுங்காலம் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவன். அம்மாவின் அப்பா பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கட்டுக்காரர். என் அப்பா அதே தோட்டத்து டிஸ்பென்சரியில் டிரெஸ்ஸர். மாமனாரும் மருமகனும் ஒரே லயத்தில், ஒருவர் வைத்தியத்தை மற்றவர் ஒத்துக்கொள்ளாமல், ஆனால் ஒரே வெற்றிலைத் தட்டில் வெற்றிலை போட்டுக்கொண்டு வாழ்ந்தார்கள். நடுவில் வளர்ந்தவன் நான். நடுநிலையாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

எங்கள் பக்கம் ஐப்பசியில் பிடிக்கும் மழை தை வரை விடாது. தீபாவளி முடிந்த கையோடு கணுக்கால் முறிவுகள் வரத் தொடங்கும். கொழுந்துக் கூடையோடு சறுக்கி விழுந்த பெண்கள், கான் வெட்டப் போய் மண்ணோடு சரிந்த ஆண்கள். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று. ஊவா தேயிலைக்கு உலகத்தில் பேர் வாங்கிக் கொடுத்த அதே வறண்ட காற்றுதான் நிழல்மரத்துக் கிளையை முறித்து ஆளின் தோளில் போடும். ஸ்டோரில் உருளைக்குள் கை போனவர்கள் தனிக் கணக்கு. பிள்ளைகளுக்கோ வருடம் பூராவும் கொய்யா மரம்.

தோட்டத் தொழிலாளருக்கு வைத்தியம் பார்ப்பது யார் பொறுப்பு என்று துரைமாரும் அரசாங்கமும் நெடுநாள் இழுபறிப்பட்டு, கடைசியில் 1872இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. 1912இல் அதைத் திருத்தி எழுதினார்கள். சட்டம் வந்தது, டிஸ்பென்சரி வந்தது. டிஸ்பென்சரியில் இருந்ததெல்லாம் கலவை மருந்து, டிஞ்சர், பேதி எண்ணெய், பஞ்சு, சீலைச் சுருள். ஒடிந்த எலும்புக்குப் பதுளை ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். சாக்கைக் கம்பில் கட்டி, ஆளை அதில் படுக்கவைத்து, இரண்டு பேர் தோளில் தூக்கிப் பாதைக்கு இறக்கி, லொறி வரும்வரை காத்திருக்க வேண்டும். துண்டு கொடுக்கத் துரை பங்களாவில் இருக்க வேண்டும். இவ்வளவுக்கும் மேலே, ஆஸ்பத்திரியில் படுத்த நாளுக்குப் பேர் விழாது. கூலியை நம்பியவன் கட்டுக்காரரிடம் போனதில் என்ன ஆச்சரியம்?

தாத்தாவின் சாமான்கள் ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டியில் அடங்கும். மூங்கில் பத்தைகள், பழைய வேட்டிக் கிழிசல், நல்லெண்ணெய், ஒரு படி உளுந்து மா. உளுந்து மாவை முட்டை வெள்ளைக்கருவில் குழைத்துத் துணியில் பூசிச் சுற்றினால் காய்ந்து ஓடு மாதிரி இறுகும். அதற்கு மேல் பத்தை. எண்ணெய் தொட்டு விரலால் தடவித் தடவி முறிவு எந்த இடத்தில், எந்தச் சாய்வில் என்று கண்டுபிடிப்பார். அந்த விரல்களுக்குத் தெரிந்ததை என் பாடப்புத்தகங்களில் நான் தேடியும் கிடைக்கவில்லை. கட்டி முடித்ததும் ஆளை விடமாட்டார். வாசல் திண்ணையில் உட்காரவைத்து, ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் கழித்து, “நகத்தக் காட்டு தாயி” என்பார். நகத்தை அமுக்கினால் வெளுக்க வேண்டும்; விட்டதும் சிவக்க வேண்டும். சிவக்கத் தாமதித்தால் அத்தனை கட்டையும் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து கட்டுவார். மறுநாள் காலைப் பெரட்டுக்குப் போகிற வழியில் மறுபடியும் நகம் காட்ட வேண்டும். கண் இமையை இறக்கிப் பார்த்து, வெளுத்திருந்தால், “ஒனக்கு ரெத்தம் இல்ல, ரெண்டு கெழம கூடக் கெடக்கணும்” என்று சொல்லிவிடுவார்.

இமை வெளுத்தவர்கள் எங்கள் மலைகளில் நிறைய. கக்கூசு இல்லாத லயங்கள், வெறுங்காலோடு நனைந்த மண்ணில் நடை. கொக்கிப்புழு பாதத்தின் வழியாக ஏறி, குடலில் தங்கி, இரத்தத்தைக் குடித்தது. அமெரிக்காவின் ரொக்பெல்லர் அறநிலையம் 1916இல் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது, மருந்து கொடுப்பதைத் தோட்டங்கள் ஏற்றுக்கொண்டன. கக்கூசு கட்டுவதற்குத்தான் இழுத்தடித்தன. மருந்து குடித்தவன் அடுத்த மழைக்கு மறுபடி புழுவோடு நின்றான்.

எங்கள் தோட்டத்து ஆட்கள் தாத்தாவிடம் மட்டும் போனார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இடுப்பு, தொடை மாதிரிப் பெரிய முறிவென்றால் நாட்டுக்குள் இறங்கிச் சிங்கள வெத மஹத்தயாவிடம் போவார்கள். கடும் பிந்தும் வைத்தியம் என்று அவர்கள் சொல்லும் அந்தத் தொழில் பரம்பரை பரம்பரையாக ஓலைச்சுவடியோடு வருவது. வெற்றிலைக்கட்டில் காசு வைத்துக் கும்பிட்டு நிற்கும் தமிழனிடம் எந்த வெத மஹத்தயாவும் எந்த ஊர் என்று கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. தாத்தாவுக்கும் அப்படி ஒருவரோடு பழக்கம் இருந்தது. இவர் பிரண்டையை வழங்குவார், அவர் அதையே ஹீரெஸ்ஸ என்று சொல்லித் திருப்பித் தருவார்.

இனி மறுபக்கம். என் பெரியம்மா மகன் ஏழெட்டு வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்து முழங்கைக்கு மேலே எலும்பை ஒடித்துக்கொண்டான். தாத்தா அன்று ஊரில் இல்லை. பக்கத்து டிவிஷனில் கட்டுப் போடுகிற ஒருவர் வந்து இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார். இராத்திரி முழுக்கப் பிள்ளை கத்தினான். “ஒட்டுற வலி, அப்பிடித்தான் இருக்கும்” என்று எல்லோரும் சொன்னார்கள். அப்பா வந்து கட்டை அறுத்தபோது விரல்கள் சில்லென்று நீலம் பாரித்திருந்தன. கை தப்பியது, விரல்கள் தப்பவில்லை. உள்ளங்கையைப் பார்த்து மடங்கிய அந்த விரல்களோடுதான் அண்ணன் இன்றும் தேத்தண்ணீர்க் கிளாசைப் பிடிக்கிறார். எலும்பு என்னவோ நேராக ஒட்டியிருக்கிறது! ஜெர்மனியின் ரிச்சர்ட் வொல்க்மன் 1881இல் இந்த நிலையைத் தெளிவாக எழுதிவைத்தார்: கட்டின் இறுக்கத்தில் இரத்த ஓட்டம் நின்று, தசை செத்துச் சுருங்குகிறது. இன்றும் மருத்துவ மாணவர்கள் அவர் பெயரிலேயே அதைப் படிக்கிறார்கள். எங்கள் மலையில் அந்தக் கைக்குப் பேர் “கட்டுப்பட்ட கை”. ஒவ்வொரு தோட்டத்திலும் அப்படிக் கை ஒன்றாவது இருந்தது.

நல்ல கட்டுக்காரரையும் கெட்ட கட்டுக்காரரையும் பிரித்தது மருந்தோ மந்திரமோ இல்லை. ஒருவர் நகம் பார்த்தார், மற்றவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான். தாத்தாவுக்குக் குருதிக்குழாய், உயிரணு என்றெல்லாம் எதுவும் தெரியாது. நம் முன்னோர் அனைத்தையும் முன்பே அறிந்திருந்தார்கள் என்று மேடையில் முழங்குகிறவர்கள் என் தாத்தாவைக் கூட்டுக்கு இழுக்க வேண்டாம். ஓர் எளிய விதியை அவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். இரத்தம் போகாத இடத்தில் எலும்பு ஒட்டாது.

இதே விதிக்குப் படித்தவர்கள் உலகம் வந்துசேர நெடுங்காலம் ஆனது. சுவிட்சர்லாந்தின் அல்பிரெக்ட் வொன் ஹாலர் 18ஆம் நூற்றாண்டில் அடைகாத்த கோழிமுட்டைகளை நாள்வாரியாக உடைத்துப் பார்த்தார். குஞ்சின் கால் முதலில் குருத்தெலும்பாக வெளிறிக் கிடக்கிறது. செந்நிறக் குழாய்கள் வந்து நுழைகின்றன. அதன் பிறகே எலும்பு உண்டாகிறது. 1763இல் அதை எழுதினார். பிரான்சின் துஹமெல் எலும்பை உண்டாக்குவது அதன் மேற்சவ்வு என்று வாதாடினார். இருவர் கையிலும் பாதி உண்மை இருந்தது. இருநூறு வருடம் கழித்து, ஸ்பெயினின் உள்நாட்டுப் போரில் அகதியாகி ஒக்ஸ்போர்டுக்கு வந்த ஜோசப் ட்ருவேட்டா என்ற கற்றலான் அறுவை வைத்தியர், எலும்பாக்கத்தில் குருதிக்குழாய்களின் பங்கு பற்றி 1963இல் ஒரு கட்டுரை வெளியிட்டு ஹாலரின் பக்கத்தை மறுபடி நிமிர்த்தினார். மணிக்கட்டிலுள்ள படகெலும்பு முறிந்தால் ஏன் பலருக்கு ஒட்டுவதில்லை, கிழவிகளின் தொடை எலும்புக் கழுத்து முறிந்தால் ஏன் தலை செத்துப்போகிறது என்பதெல்லாம் அந்தந்த எலும்புக்கு இரத்தம் எந்த வழியாக வருகிறது என்று பார்த்தால் விளங்கிவிடும்.

கட்டுக்காரர் பரம்பரை மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்த கதையும் ஒன்று உண்டு. வேல்ஸின் ஆங்கிலசி தீவில் எலும்பு கட்டுகிற குடும்பம் ஒன்று. அதில் வந்த இவான் தோமஸ் லிவர்பூலில் தொழில் செய்தார். படித்த வைத்தியர்களின் தொல்லை தாங்காமல் பிள்ளைகளை மருத்துவம் படிக்க அனுப்பினார். மகன் ஹியூ ஓவன் தோமஸ் செய்த தொடைச் சட்டம்தான் முதலாம் உலகப்போரில் தொடை முறிந்த எத்தனையோ சிப்பாய்களைக் காப்பாற்றியது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அந்தாளுக்கு மகன படிக்க வைக்க முடிஞ்சிருக்கு” என்றார்.

தாத்தாவுக்கு முடியவில்லை. 1948இல் எங்கள் ஆட்களின் குடியுரிமை பறிபோனது. 1961இல் ஆயுர்வேதச் சட்டம் வந்து சுதேச வைத்தியர்களைப் பதிவுசெய்யத் தொடங்கியபோது, நாட்டிலேயே பதிவில்லாத மனிதர் எந்தக் கந்தோரில் போய் வைத்தியராகப் பதிவார்? 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சத்தைப் பிறகு பேசிக்கொள்வோம் என்று இரண்டு பிரதமர்கள் ஆட்களைப் பங்கு போட்டார்கள். 1924இல் பதுளைக்கு வந்துசேர்ந்த ரயில் 1970களில் ஒப்பாரிக் கோச்சியானது. தகரப் பெட்டியோடு தலைமன்னாருக்குப் போய் ‘ராமானுஜம்’ கப்பல் ஏறியவர்களில் தாத்தாவிடம் தொழில் பழகிய இரண்டு பேரும் இருந்தார்கள். ஒருவர் நீலகிரிப் பக்கம் போனதாகக் கடிதம் வந்தது. மற்றவரைப் பற்றித் தகவலே இல்லை. பிளாஸ்டர் கட்டும் எக்ஸ்ரேயும் வந்ததால் எங்கள் தொழில் அழிந்தது என்று சொல்வது வசதியான பொய். சிங்களக் கிராமங்களில் அதே தொழில் இன்றும் பெயர்ப்பலகையோடு நடக்கிறது. எங்களுடையதைக் கோச்சியில் ஏற்றி அனுப்பினார்கள்.

நான் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில்தான் எலும்புக் கதை ஆய்வுகூடத்துக்குள் வேகமாக நகர்ந்துகொண்டிருந்தது. மொஸ்கோவில் அலெக்சாண்டர் பிரீடன்ஸ்டைன், கினிப்பன்றியின் எலும்பு மச்சையைக் கண்ணாடித் தட்டில் பரப்பினால் சில உயிரணுக்கள் அடியில் ஒட்டிக்கொண்டு பெருகுவதையும், அவற்றைத் திரும்ப உடம்பில் வைத்தால் எலும்பாவதையும் 1960களிலும் 1970இலும் காட்டியிருந்தார். இன்று குருத்தணு என்று அழைக்கும் வகை அது. 1973இல் நியூயோர்க்கில் எரிக் ஜாபி குழுவினர் தொப்புள்கொடியின் நாளத்திலிருந்து அதன் உட்சுவர் உயிரணுக்களைப் பிரித்து வளர்த்தார்கள். எங்கள் லயத்து மருத்துவச்சி வாழையடியில் புதைத்துவிட்டு வரும் கொடி, உலகெங்கும் குருதிக்குழாய் ஆராய்ச்சிக்கு மூலப்பொருளானது.

பிரீடன்ஸ்டைன் கண்ட குருத்தணுக்களை மட்டும் நுண்துளைகளுள்ள சுண்ணாம்பு வார்ப்பில் விதைத்து எலும்பு வளர்க்கப் பார்த்தவர்கள் ஒரு சுவரில் முட்டினார்கள். இரத்தக் குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் உயிரணுவுக்கு ஒட்சிசன் எட்டாது. வார்ப்பின் வெளிப்புறத்தில் எலும்பு உண்டாகும். நடுவில் எல்லாம் செத்துப்போகும். உடம்பின் குழாய்கள் வெளியிலிருந்து மெதுவாகத் துளைத்துக்கொண்டு வந்து சேருவதற்குள் காரியம் கெட்டுவிடும். எனவே 2000க்குப் பிறகு பல ஆய்வுகூடங்கள் இரண்டு உயிரணுக்களையும் ஒன்றாக விதைக்கத் தொடங்கின: எலும்பாகும் குருத்தணு, குழாயாகும் உட்சுவரணு. பிரான்சின் போர்டோ நகரத்துக் குழுவினர் கண்ட ஒரு விசயம் எனக்கு மிகப் பிடித்தது. இரண்டையும் ஒரே தட்டில், இடையே மெல்லிய சல்லடை வைத்துப் பிரித்து வளர்த்தால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. ஒன்றையொன்று தொட விட்டால்தான் குருத்தணு எலும்பாகத் துணிகிறது. சுவரோடு சுவர் ஒட்டும் இடத்திலுள்ள நுண்ணிய வாய்க்கால்கள் வழியாகச் சேதி போகிறது.

தொட்டால் இரண்டு பக்கமும் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. எலும்பாகும் அணு, குழாய் வளரச் சொல்லும் புரதத்தைச் சுரக்கிறது. குழாயணு, எலும்பாகச் சொல்லும் புரதத்தைச் சுரக்கிறது. சில குருத்தணுக்கள் எலும்பாவதை விட்டுவிட்டுப் புதிய குழாயைச் சுற்றி அணைத்துக்கொண்டு அது கலையாமல் காக்கின்றன. இப்படி முன்கூட்டியே குழாய் பின்னிய துண்டை விலங்கின் உடம்பில் வைத்தால், அந்தக் குழாய்கள் உடம்பின் குழாய்களோடு போய் இணைந்துகொள்கின்றன. உள்ளே இரத்தம் ஓடுகிறது. சிக்கல் சாப்பாட்டில்தான். எலும்பாக்கத்தைத் தூண்ட ஊற்றும் டெக்சாமெதசோன் குழாய்கள் பின்னுவதைக் கெடுக்கிறது. குழாயணு கேட்கும் ஊட்டம் எலும்பணுவுக்கு ஒத்துவருவதில்லை. ஒரே அடுப்பில் இரண்டு பேருக்குப் பத்தியம் சமைக்கிற வேலை. எந்த விகிதத்தில் கலப்பது, எதை முதலில் விதைப்பது என்பதில் ஒவ்வொரு ஆய்வுகூடமும் இன்னும் வேறு வேறு கணக்கு வைத்திருக்கிறது.

நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில், எலும்பில் இடைவெளி உண்டாக்கிய ஆடுகளுக்குச் செராமிக் வார்ப்பையும் அந்தந்த ஆட்டின் மச்சைக் குருத்தணுக்களையும் சேர்த்து வைத்துப் பார்த்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. ஆட்டின் தொடை என்றதும் தாத்தா நிச்சயம் காது கொடுத்திருப்பார். கொழும்பில் கண் தானச் சங்கம் 1990களில் தொடங்கிய திசு வங்கி, இறந்தவர்கள் தானம் செய்த எலும்பைக் கதிரூட்டிச் சுத்திகரித்து வைத்தியசாலைகளுக்குக் கொடுக்கிறது. அது உயிரில்லாத எலும்பு. வாங்கிக்கொள்கிறவரின் சொந்தக் குழாய்கள் அதற்குள் புகுந்தால்தான் பிழைக்கும். பெரிய இடைவெளி என்றால் நோயாளியின் இடுப்பெலும்பைச் சுரண்டி வைப்பதே இன்றும் நடைமுறை. இரண்டு அணுக்களைச் சேர்த்து வளர்த்த எலும்பு பதுளைக்கு வர இன்னும் காலம் இருக்கிறது. வந்தாலும் அது முதலில் யாருக்குக் கிடைக்கும் என்பது தனிக் கேள்வி.

பிரண்டையைப் பற்றிக் கேட்பீர்கள். வாரணாசியில் உடுப்பாவும் பிரசாத்தும் 1960களில் விலங்குகளில் சோதித்து, முறிவு கொஞ்சம் விரைவாக ஆறுகிறது என்று எழுதினார்கள். அம்மாயி அரைக்கும் பிரண்டைத் துவையலுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் நேராக வைத்து அசையாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலான முறிவுகள் தாமாகவே ஒட்டும். கட்டுக்காரர்கள் வாங்கிய புகழில் பெரும்பங்கு உடம்புக்குச் சேர வேண்டியது. மிச்சம் நகம் பார்த்தவர்களுக்கு.

தோட்டப் பக்கம் இன்னும் கட்டுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், இனியும் இருப்பார்கள். அவர்களிடம் போவதா என்பது உங்கள் விருப்பம். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை மரத்திலிருந்து விழுந்து முழங்கை வீங்கினால் யாரிடமும் கட்டாதீர்கள். 2018க்குப் பிறகு ஊவாவுக்கும் ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் வருகிறது. 1990க்கு அடியுங்கள், காசு இல்லை. எங்கே கட்டினாலும் சரி, ஆஸ்பத்திரி பிளாஸ்டராகவே இருந்தாலும் சரி, விரல் சில்லிட்டாலோ, நீலம் பாரித்தாலோ, நகம் அமுக்கி விட்டபின் சிவக்கத் தாமதித்தாலோ, பிள்ளை நிறுத்தாமல் அழுதாலோ, விடியட்டும் என்று பார்க்க வேண்டாம். அந்த இரவே கட்டை அவிழ்க்க வேண்டும்.